நட்சத்திரம் நடிக்கிறார், பணம் யாருடையது? தொண்டுக்காக நடக்கும் டிவி விளையாட்டுகள் பற்றி

ஒரு நடிகர் டிவி விளையாட்டில் ஜெயித்து, அந்தப் பணம் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனதாகச் செய்தி வந்தால் போதும், அதற்குக் கீழே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைதான். "தங்கமான மனசு, சம்பாதிச்சதை அள்ளிக் கொடுக்கிறார்" என்று ஒரு கூட்டம். "எல்லாம் வரி ஏய்ப்பு சார், இதுகூடத் தெரியாதா" என்று இன்னொரு கூட்டம். விடிய விடிய சண்டை போடும் இந்த இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பணம் நடிகருடையது என்று இருவருமே நம்புகிறார்கள். கிட்டத்தட்ட எல்லா நிகழ்ச்சிகளிலும் அது அவர் பணமே கிடையாது, ஒரு நிமிடம்கூட அவர் கைக்கு வருவதில்லை. பிறகு யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள், நடிகருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். வாயைத் திறக்காமல் நடித்துக் காட்டும் விளையாட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நட்சத்திரங்களை வைத்து டிவி நடத்திய மிகப் பழைய விளையாட்டுகளில் அதுவும் ஒன்று.

முதலில் அந்த விளையாட்டு

கல்லூரி கல்ச்சுரல்ஸ் பக்கம் தலைகாட்டியவர்களுக்கு 'டம் சி', அதாவது டம்ப் ஷரேட்ஸ், தெரிந்திருக்கும். ஒரு சீட்டில் படப் பெயரோ, புத்தகப் பெயரோ, பழமொழியோ எழுதி ஒருவர் கையில் கொடுப்பார்கள். அவர் பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூடாது, நடித்துக் காட்ட வேண்டும், அவருடைய அணி கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே சைகைகள்தான். ஒரு கையைக் குவித்துக் கண்ணருகே வைத்து மறுகையால் பழைய கேமராவின் பிடியைச் சுற்றுவதுபோல் காட்டினால் படம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் புத்தகம். நீட்டும் விரல்கள் எத்தனையோ அத்தனை சொற்கள். முன்னங்கையில் விரலை வைத்தால் அசைகள். காதைப் பிடித்து இழுத்தால், "சொல்ல வேண்டிய சொல் வேறு, ஆனால் இதுபோலவே ஒலிக்கும்" என்று அர்த்தம். கைப்பிடி சுற்றும் கேமராவைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் இன்றுவரை காற்றில் பிடியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

இதை டிவிக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடி அமெரிக்காவின் மைக் ஸ்டோக்கி. அவருடைய 'பாண்டமைம் குவிஸ்' 1947-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கியது, 1949-இல் நடந்த முதல் எம்மி விருது விழாவில் மக்களிடம் அதிக வரவேற்பு பெற்ற நிகழ்ச்சி என்று விருதும் வாங்கியது. அதில் தொண்டு என்ற பேச்சே இல்லை. வீட்டில் இருந்து பார்ப்பவர்கள் தபாலில் வாக்கியங்களை எழுதி அனுப்புவார்கள், நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள், பரிசு எழுதி அனுப்பியவருக்கு. பிரிட்டனில் 1979 முதல் ஐடிவியில் ஓடிய 'கிவ் அஸ் எ க்ளூ' இன்னும் எளிமை, லயனல் பிளேரும் யூனா ஸ்டப்ஸும் ஆளுக்கொரு அணிக்குத் தலைவர்களாக இருந்து நடித்துக் காட்ட, ஜெயித்தால் கைதட்டல்தான் பெரிய சம்பாத்தியம். 1984-இல் சிபிஎஸ் சேனலில் வந்த 'பாடி லாங்குவேஜ்' வேறு மாதிரி. அங்கே நட்சத்திரம் நடிப்பார், கூட ஆடும் சாதாரணப் போட்டியாளர் கண்டுபிடிப்பார், பணம் அந்தப் போட்டியாளருக்கு.

நட்சத்திரங்கள் மட்டுமே இரு அணியாகப் பிரிந்து தொண்டுக்காக ஆடும் வடிவம் 2005-இல் ஏஎம்சி சேனலின் 'செலிப்ரிட்டி ஷரேட்ஸ்' நிகழ்ச்சியில் வந்தது. பாப் பாலபன், ஹிலாரி ஸ்வாங்க், சாட் லோ ஆகியோர் அதன் பின்னால் இருந்தார்கள். 2013-இல் என்பிசி தொடங்கிய 'ஹாலிவுட் கேம் நைட்' இரண்டையும் கலந்தது. நடிகர் ஷான் ஹேஸ் தன் வீட்டில் நண்பர்களோடு நடத்திய விளையாட்டு இரவுகள்தான் அதற்கு மூலம், நடத்தியவர் ஜேன் லிஞ்ச். கடைசிச் சுற்றில் முழுமையாக ஜெயித்தால் 25,000 டாலர் சாதாரணப் போட்டியாளருக்கு, 10,000 டாலர் அவருக்குத் துணையாக ஆடிய நட்சத்திரம் சொல்லும் தொண்டு நிறுவனத்துக்கு.

சுருக்கமாக: நட்சத்திரம் நடித்துக் காட்டுகிறார் என்பது எல்லாவற்றுக்கும் பொது. பணம் யாருக்குப் போகிறது என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேறு.

பணம் எங்கே இருந்து வருகிறது

ஊரில் பொங்கல் விளையாட்டு விழா நடக்கிறது என்று வையுங்கள். மியூசிக்கல் சேரில் ஜெயிப்பவருக்கு ஐயாயிரம் ரூபாய், உபயம் கடைத்தெரு நகைக்கடை. மேடைக்குப் பின்னால் நகைக்கடையின் ஃபிளக்ஸ். சிறப்பு விருந்தினராக வந்த டிஎஸ்பியையும் இழுத்து ஆடவிடுகிறார்கள், ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது, அவரும் எப்படியோ ஜெயித்துவிடுகிறார். "இந்தக் காசை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடுங்க" என்று மைக்கில் சொல்கிறார். மறுநாள் எல்லோரும் டிஎஸ்பி பள்ளிக்கு ஐயாயிரம் கொடுத்தார் என்பார்கள். கொடுத்தது நகைக்கடை. நகைக்கடையும் தர்மத்துக்காக மட்டும் கொடுக்கவில்லை, அந்தக் கூட்டம் தன் ஃபிளக்ஸைப் பார்க்க வேண்டும் என்று கொடுத்தது. டிஎஸ்பி கொடுத்தது தன் நேரத்தையும், கூட்டம் கூட ஒரு காரணத்தையும், கொஞ்சம் தன் விறைப்பையும்.

டிவியிலும் இதேதான் நடக்கிறது, தொகைதான் பெரிது. விளம்பரதாரர்கள் சேனலுக்குப் பணம் கட்டுகிறார்கள். சேனல் ஒரு தயாரிப்பு நிறுவனத்திடம் ஒரு அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து நிகழ்ச்சியை எடுக்கச் சொல்கிறது. அந்தத் தொகைக்குள் அரங்கம், கேமரா, எழுத்தாளர்கள் சம்பளம், சாப்பாடு என்று பிரிக்கும்போது பரிசுக்கும் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்து வைக்கிறார்கள். இதைப் பரிசு ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். நடிகர் அரங்குக்குள் கால் வைப்பதற்கு முன்பே அந்தப் பணம் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அவர் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருடைய பையில் இருந்து ஒரு காசு போவதில்லை.

மில்லியன் டாலர் போன்ற பெரிய தொகை என்றால், எப்போதாவது ஒருமுறை மட்டும் போகக்கூடிய பணத்தை மொத்தமாக எடுத்து வைக்காமல், தயாரிப்பாளர்கள் காப்பீடு எடுப்பதும் உண்டு. யாராவது ஜெயித்தால் காப்பீட்டு நிறுவனம் கட்டும். (அமெரிக்க 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சிக்கு அப்படிக் காப்பீடு கொடுத்த லண்டன்காரர்கள், கேள்விகள் ரொம்பச் சுலபமாக இருக்கின்றன என்று நீதிமன்றம் வரைக்கும் போன கதையும் இருக்கிறது.)

அப்புறம் அந்தப் பெரிய அட்டைக் காசோலை. அது படம் பிடிப்பதற்கான பொருள், அவ்வளவுதான். உண்மையான பணம் பிறகு, தயாரிப்பு நிறுவனத்தில் இருந்து நேராகத் தொண்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. நடிகர் எந்த நிறுவனத்துக்கு என்று முன்பே எழுதிக் கொடுத்திருப்பார். இஷ்டத்துக்கு எந்தப் பெயரையும் எழுத முடியாது. அமெரிக்காவில் அது பொதுவாக '501 சி 3' என்ற பிரிவின்கீழ் வருமான வரித் துறை அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும், அதாவது லாப நோக்கம் இல்லாதது என்று அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. மச்சானின் அறக்கட்டளை என்று ஒரு லெட்டர்பேடைக் காட்டி வாங்கிக்கொள்ள முடியாது.

சுருக்கமாக: விளம்பரதாரர், சேனல், தயாரிப்பு நிறுவனம், தொண்டு நிறுவனம். பணம் போகும் பாதை இவ்வளவுதான். நட்சத்திரம் இந்தப் பாதையில் இல்லை, கடைசியில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று கை காட்டுபவர் மட்டுமே.

வரி ஏய்ப்பு என்கிற கதை

இது கேட்கப் புத்திசாலித்தனமாக இருப்பதால் அதிகம் பரவுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

வரிக் கழிவு என்றால், நீங்கள் தொண்டுக்குக் கொடுத்த தொகையை உங்கள் வருமானத்தில் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டுவது. அதற்கு முதலில் அந்தப் பணம் உங்கள் வருமானமாக இருக்க வேண்டும். பரிசு நேராகத் தொண்டு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நடிகருக்கு அது வருமானமும் இல்லை, நன்கொடையும் இல்லை. கழிக்க எதுவுமே இல்லை. ஒருவேளை பரிசை அவரே கையில் வாங்கி, பிறகு கொடுக்கிறார் என்றால், முதலில் அது வருமானத்தில் ஏறும், பிறகு கழிவாக இறங்கும். மிஞ்சிப் போனால் பூஜ்யம்.

சொந்தப் பணத்தையே கொடுத்தாலும் இதே நிலைதான். அமெரிக்காவில் 2018-இல் இருந்து மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம். அந்த வரம்பில் இருக்கும் ஒருவர் 2025 வரை 100 டாலர் நன்கொடை கொடுத்திருந்தால் அதிகபட்சம் ஏறக்குறைய 37 டாலர் வரி குறைந்திருக்கும், மீதி 63 டாலர் அவருக்கு நிஜமாகவே போனதுதான். வரியை மிச்சம் பிடிப்பதற்காகவே நன்கொடை கொடுக்கிறார்கள் என்பவர்கள் இந்த 63-ஐ எப்போதும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் டிவி விளையாட்டுப் பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு, கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதனால் திரையில் ஒளிரும் தொகை முழுசாக ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தது என்று இங்கேயும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் நடிகருக்கு என்ன?

சும்மா வருகிறாரா? இல்லை. அமெரிக்காவில் நடிகர்களின் தொழிற்சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் தோன்றுவதற்கும் குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. பரிசு வேறு, இந்தத் தோற்றக் கட்டணம் வேறு. பரிசு தொண்டுக்குப் போகும், கட்டணம் அவருக்கு வரும், அதற்கு அவர் வரி கட்டுவார். ஒரு படத்துக்கு வாங்குவதோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் படம் வரப்போகிறது, அல்லது புதுத் தொடர் தொடங்குகிறது, அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பல லட்சம் பேர் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கலாம். பேட்டி என்றால் ஏடாகூடமான கேள்வி வரும். வினாடி வினா என்றால் தெரியாத விஷயம் வெளியே தெரிந்துபோகும். நடித்துக் காட்டும் விளையாட்டில் அந்தப் பயம் இல்லை, அது அவருடைய தொழிலே. சொதப்பினாலும் மக்கள் ரசிப்பார்கள், ஒழுங்காகச் செய்ததைவிட அதிகமாகவே ரசிப்பார்கள். கூடவே "இதெல்லாம் குழந்தைகள் மருத்துவமனைக்காக" என்ற ஒரு வரி இருக்கும்போது, தரையில் உருண்டு கோழி மாதிரிக் கத்துவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. (கத்தக்கூடாது, ஆட்டத்தில் இருந்து தூக்கிவிடுவார்கள். உருளலாம்.)

என் கணிப்பில், தொண்டு என்ற சொல் இந்த நிகழ்ச்சிகளுக்குள் வந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு சங்கடம். ஏற்கெனவே கோடீஸ்வரராக இருக்கும் ஒருவர் 10,000 டாலர் ஜெயித்து வீட்டுக்கு எடுத்துப் போவதைச் சாதாரண மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார்கள். அதே பணம் ஒரு மருத்துவமனைக்குப் போகிறது என்றால் அவர் ஜெயிக்க வேண்டும் என்று நாமே நகத்தைக் கடிப்போம்.

தோற்றால் தொண்டுக்கு ஒன்றும் கிடையாதா?

பெரும்பாலும் அப்படி விட்டுவிட மாட்டார்கள். நோயாளிக் குழந்தைகளின் இல்லம் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு போவதைக் காட்டினால் நிகழ்ச்சி முடியும்போது பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சேனலுக்குத் தெரியும். அதனால் பல நிகழ்ச்சிகளில் ஓர் உறுதித்தொகை வைத்திருப்பார்கள், அதாவது ஆட்டம் எப்படிப் போனாலும் குறைந்தது இவ்வளவு என்று. ஸ்டீவ் ஹார்வி நடத்தும் 'செலிப்ரிட்டி ஃபேமிலி ஃபியூட்' நிகழ்ச்சியின் கடைசிச் சுற்றில் 200 புள்ளி எடுத்தால் தொண்டுக்கு 25,000 டாலர், எடுக்காவிட்டால் 10,000.

ஆனால் ஜெயித்ததை இழக்கும் ஆபத்தும் உள்ள விளையாட்டுகளில் விஷயம் சூடாகிவிடும். 2020-இல் சமையல் கலைஞர் டேவிட் சாங், ஜிம்மி கிம்மல் நடத்திய 'மில்லியனர்' நட்சத்திரப் பதிப்பில் ஆடினார். கோவிட் காலம், உணவகங்கள் மூடிக் கிடந்தன, அவர் தேர்ந்தெடுத்தது உணவகத் தொழிலாளர்களுக்கு உதவும் 'சதர்ன் ஸ்மோக்' அறக்கட்டளை. 5,00,000 டாலர் வரை வந்துவிட்டார், கடைசிக் கேள்வி பாக்கி. வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தபோது ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் தானும் மனைவியும் சுவிட்சைத் தொடாமலே இருந்த அதிபர் யார் என்று கேட்டார்கள். தப்பாகச் சொன்னால் 32,000-க்கு இறங்கிவிடும். அவருடைய சொந்தப் பணமாக இருந்தால் சூதாடிவிட்டுப் போகலாம், இது வேலை இழந்தவர்களின் வீட்டு வாடகை. விளையாட்டுப் பத்திரிகையாளர் மீனா கைம்ஸுக்குத் தொலைபேசியில் பேசி, பெஞ்சமின் ஹாரிசன் என்று பதில் சொன்னார். சரி. முழுதாகப் பத்து லட்சம் டாலர், அந்த நிகழ்ச்சியில் முதன்முதலில் மில்லியன் ஜெயித்த பிரபலம் அவர்தான்.

இதற்கு நேர்மாறு 2006-இல் அதே நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் பதிப்பில் நடந்தது. அங்கே வீட்டு அலங்கார வடிவமைப்பாளர் லாரன்ஸ் லூயெலின்-போவன், மனைவி ஜாக்கியோடு சேர்ந்து தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்காக ஆடி, 5,00,000 பவுண்டு வரை வந்துவிட்டார். கடைசிக் கேள்வி: லத்தீனில் இருந்து மொழிபெயர்த்தால் அமெரிக்காவின் முழக்கம் எது? கடவுளை நம்புகிறோம் என்ற பொருள் வரும் தேர்வைச் சொன்னார்கள். தப்பு என்றார்கள். 'பலவற்றில் இருந்து ஒன்று' என்பதுதான் விடையாம். ஒரே நொடியில் 4,68,000 பவுண்டு காலி, 32,000-க்கு விழுந்தார்கள். பிறகுதான் வில்லங்கம் வெளியே வந்தது. 1956-இல் இருந்து அமெரிக்காவின் அதிகாரபூர்வ முழக்கம் அந்தக் கடவுள் வாசகம்தான், ஆனால் அது லத்தீனில் இருந்து வந்ததில்லை. லத்தீன் வாசகம் அவர்களின் அரசு முத்திரையில் இருப்பது. கேள்வியே குழப்பம் என்று தயாரிப்பு நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அவர்களைத் திரும்ப அழைத்து வேறு கேள்வி கொடுத்தது. இந்தமுறை தம்பதி ஆசைப்படவில்லை, பதில் சொல்லாமல் 5,00,000 பவுண்டோடு விலகிக்கொண்டார்கள். தொண்டுக்கான ஆட்டம்தானே, சும்மா ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று யாரும் நினைக்கவில்லை பாருங்கள். விதி விதிதான். அது ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

சுருக்கமாக: தோற்றாலும் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. துணிந்து ஆடினால் தொண்டு நிறுவனத்தின் பணம் நிஜமாகவே குறையவும் செய்யும்.

முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டமா?

1950-களில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகள் சிலவற்றில் விடைகளை முன்பே சொல்லிக் கொடுத்து ஆடவைத்தார்கள். 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் நாயகனாகக் கொண்டாடப்பட்ட சார்லஸ் வான் டோரன் 1959-இல் நாடாளுமன்றக் குழு முன்னால் அதை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. மக்களை ஏமாற்றும் நோக்கத்தில் அறிவு, திறமை, அதிர்ஷ்டம் சார்ந்த போட்டியின் முடிவை முன்கூட்டியே நிர்ணயிப்பது குற்றம். பரிசு தொண்டுக்குப் போகிறது என்பதால் விலக்கு கிடையாது. அதனால் நடிகர்களுக்கு விதிகளைச் சொல்லித்தருவார்கள், பயிற்சி ஆட்டம் ஆடவைப்பார்கள், எடிட்டிங்கில் சோம்பலான பகுதிகளை வெட்டுவார்கள், ஆனால் சீட்டில் இருக்கும் வாக்கியத்தை முன்பே காட்டக்கூடாது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிட வேண்டும். 'காமிக் ரிலீஃப்', 'சில்ட்ரன் இன் நீட்' போன்ற பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் டெலிதான் வகை. அதாவது பல மணி நேரம் நேரலையாக நடத்தி, பார்ப்பவர்களிடம் இருந்தே நன்கொடை திரட்டுவது. நட்சத்திரங்கள் அங்கேயும் கோமாளித்தனம் செய்வார்கள், ஆனால் பணம் பெரும்பாலும் மக்களுடையது. 2008-இல் பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், நேயர்களுக்கான போட்டிகளை நேர்மையாக நடத்தவில்லை என்று பிபிசிக்கு 4,00,000 பவுண்டு அபராதம் போட்டது, அந்தப் பட்டியலில் இந்தத் தொண்டு நிகழ்ச்சிகளும் இருந்தன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் நட்சத்திர விளையாட்டில் நம் பணம் போகிறது என்று பயப்படுகிறார்கள்.

நம் பக்கம்

தமிழில் நன்றாகத் தெரிந்த உதாரணம் விஜய் டிவியின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. பிரகாஷ் ராஜ் நடத்திய பருவத்தில், 2013-இல், கமல் ஹாசன் வந்து 50 லட்சம் ரூபாய் ஜெயித்தார். எச்ஐவி பாதித்தவர்களுக்காகச் செயல்படும் 'பெற்றால்தான் பிள்ளையா' அமைப்புக்கு அது போனது. அப்போதும் "கமல் 50 லட்சம் கொடுத்தார்" என்றுதான் பேச்சு. அவர் கொடுத்தது தன் ஒரு நாளையும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து சரியான பதில் சொன்ன தலையையும். பணம் நிகழ்ச்சியுடையது. இதில் யாரையும் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை, அவர் வராமல் இருந்திருந்தால் அந்த 50 லட்சம் அந்த அமைப்புக்குப் போயிருக்காது.

தொண்டு நிறுவனங்களைக் கேட்டால், தொகையோடு சேர்த்து இன்னொன்றையும் எதிர்பார்ப்பார்கள். 10,000 டாலர் ஒரு பெரிய புற்றுநோய் அமைப்புக்குக் கணக்கில்கூடத் தெரியாது, பத்துப் பேர் நடத்தும் ஒரு நாய்கள் காப்பகத்துக்கு அது பல மாதத் தீவனம். ஆனால் இரண்டுக்குமே, பிடித்த நடிகரின் வாயால் தங்கள் பெயர் ஒருமுறை டிவியில் உச்சரிக்கப்படுவது காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம். அதனால் யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் நட்சத்திரம் உண்மையில் எடுக்கும் ஒரே பெரிய முடிவு, நாம் பாராட்டவோ கேள்வி கேட்கவோ வேண்டியதும் அதைத்தான்.

அப்படிக் கேள்வி கேட்கத் தோன்றினால் வழி இருக்கிறது. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் 'படிவம் 990' என்ற கணக்கை வருமான வரித் துறைக்குக் கொடுக்கின்றன, அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். நிகழ்ச்சியில் சொன்ன பெயரை இணையத்தில் தட்டினால் போதும், அந்த ஆண்டு எவ்வளவு வந்தது, தலைவருக்கு எவ்வளவு சம்பளம், வேலைக்கு எவ்வளவு செலவானது என்று வரி வரியாக இருக்கும்.